ஏபுஷ் வகுப்புக்கு முன்னால் ஒரு கோடை விடுமுறை

ஜூன் மாதம் பள்ளி மூடியதும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "அக்கா, பையன் வர்ற வருஷம் ஏபுஷ் எடுக்கிறான். எந்தப் புத்தகம் வாங்கணும்?" வட கரோலினாவில் கேரி, மாரிஸ்வில் பக்கம் நம்மவர்கள் நிறைய இருக்கிறோம். கணக்குக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் யாரும் யாரையும் கேட்பதில்லை, வீட்டிலேயே ஆள் உண்டு. ஏபுஷ், அதாவது பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் ஏ.பி. பாடங்களில் ஒன்றான அமெரிக்க வரலாறு, என்றதும்தான் கலக்கம் வருகிறது. நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தியவள். என் மகளும் அந்த வகுப்பை முடித்துவிட்டாள். அதனால் என்னிடம் வருகிறார்கள்.

புத்தகக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பள்ளி கொடுக்கும் தடித்த பாடநூல் ஒன்று, தேர்வுக்கென்று சுருக்கி எழுதிய வழிகாட்டி ஒன்று, அவ்வளவு போதும். கட்டுரைக்கு மதிப்பெண் போடும் முறையை 2023-24 கல்வியாண்டில் கொஞ்சம் மாற்றினார்கள். எனவே வழிகாட்டி அதற்குப் பிந்தைய பதிப்பாக இருக்கட்டும். மூன்றாவது, நான்காவது என்று வாங்கி அடுக்கிய வீடுகளில் அவை பிரிக்காமலே கிடக்கின்றன.

நம்மூரில் வரலாறு என்றால் ஆண்டு, போர், உடன்படிக்கை, விளைவுகள் ஐந்து. ஐந்தையும் எழுதினால் ஐந்து மதிப்பெண். ஏபுஷ் அந்த ரகம் இல்லை. ஒரு நிலைப்பாட்டை எடுத்து, சான்று காட்டி, எதிர்ப்பக்கம் சொல்வதையும் கணக்கில் எடுத்து வாதாடத் தெரிகிறதா என்று பார்க்கிறது. அதற்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் விவரம் மட்டும் தெரிந்தவர் கரையேற முடியாது. கோடையில் எதைச் செய்வது, எதை விடுவது என்பதெல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

தேர்வின் அமைப்பைப் பார்த்தாலே இது புரியும். 55 நிமிடத்தில் 55 கொள்குறி வினாக்கள், அதற்கு 40 சதவீதம். அவையும் தனித்தனியாக வராது. ஒரு கடிதத் துண்டு, கேலிச்சித்திரம், வரைபடம் எதையாவது கொடுத்து, அதை வைத்து மூன்று நான்கு கேள்விகள். பிறகு மூன்று குறுவிடைகள், 40 நிமிடம், 20 சதவீதம். அடுத்தது பிள்ளைகள் பயப்படும் டி.பி.க்யூ.: ஏழு ஆவணங்களைக் கொடுத்து ஒரு கட்டுரை எழுதச் சொல்வார்கள், ஒரு மணி நேரம், 25 சதவீதம். கடைசியில் ஆவணம் எதுவும் இல்லாமல் நீள்கட்டுரை, 40 நிமிடம், 15 சதவீதம். மொத்தம் மூன்றே கால் மணி நேரம். 'இந்தச் சட்டம் எந்த ஆண்டு வந்தது' என்று நேராக ஒரு கேள்வி கூட இருக்காது.

கோடையில் முதல் வேலையாக நாங்கள் எடுத்துக்கொண்டது ஒன்பது காலகட்டங்கள். பாடத்திட்டம் அமெரிக்க வரலாற்றை 1491இல் தொடங்கி இன்றுவரை ஒன்பதாகப் பிரிக்கிறது. அந்த எல்லை ஆண்டுகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினோம். 1491, 1607, 1754, 1800, 1844, 1848, 1865, 1877, 1890, 1898, 1945, 1980. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: ஏன் இங்கே வெட்டினார்கள்?

1607 எளிது, ஆங்கிலேயரின் ஜேம்ஸ்டவுன் குடியேற்றம். 1754இல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இங்கே போர் மூண்டது, அந்தப் போரின் கடன்தான் வரிகளாகக் குடியேற்றங்களின் தலையில் விழுந்தது. ஆனால் சில காலகட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. நான்காவது 1848இல் முடிகிறது, ஐந்தாவதோ 1844இலேயே தொடங்கிவிடுகிறது. ஐந்தாவது 1877வரை போகிறது, ஆறாவது 1865இல் ஆரம்பம். இது ஏன் என்று யோசித்ததில்தான் மகளுக்குப் பாடமே பிடிபட்டது. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்ததும் நாட்டில் இரண்டு கதைகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. தெற்கில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் உரிமைக்கான போராட்டம், அது 1877இல் மத்தியப் படைகள் விலக்கப்பட்டதோடு கைவிடப்படுகிறது. வடக்கிலும் மேற்கிலும் ரயில், எஃகு, எண்ணெய், பெருமுதலாளிகள் என்று வேறொரு கதை. இரண்டையும் ஒரே பெட்டியில் போட முடியாது, அதனால்தான் எல்லை இரட்டிக்கிறது. இதைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கட்டுரையின் தொடக்கப் பத்தி, அதாவது பின்னணி சொல்லும் பத்தி, பாதி எழுதி முடிந்த மாதிரி.

காலகட்டங்களுக்கான எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் காலகட்டத்துக்கும் கடைசிக் காலகட்டத்துக்கும் தலா 4 முதல் 6 சதவீதம், இரண்டாவதுக்கு 6 முதல் 8. மூன்றிலிருந்து எட்டு வரை ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 17. கொலம்பஸிலேயே ஜூலை முழுவதையும் செலவழிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

இரண்டாவது வேலை வாசிப்பு. பள்ளி திறந்ததும் ஓர் இரவுக்கு இருபது முப்பது பக்கம் வாசிக்கச் சொல்வார்கள். நம் பிள்ளைகள் மஞ்சள் பேனாவை எடுத்து வரிக்கு வரி பூசிவிட்டு, படித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் வேறு ஏற்பாடு. ஒரு பகுதியை வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அதைத் தமிழில் சொல்ல வேண்டும். கேட்பதற்கு ஆள் இருந்தார். ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்த என் மாமியார்.

அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். மிசௌரி சமரசத்தை அவருக்கு விளக்கப் போய் மகள் சிக்கிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. "ஏன்டி, அடிமை வச்சிருக்கறவன் தெக்கத்திக்காரன். இல்லாதவன் வடக்கத்திக்காரன். எங்கேயோ இருக்கற புது ஊரு எப்படிப் போனா இவனுக்கு என்ன?" என்று கேட்டார். மகளிடம் பதில் இல்லை. மறுபடி புத்தகத்தைத் திறந்தாள். 1819இல் அடிமை முறை உள்ள மாநிலங்கள் 11, இல்லாதவை 11. மாநிலத்துக்கு இரண்டு பேர் வீதம் செனட்டில் இரு பக்கமும் சமம். மிசௌரி அடிமை மாநிலமாக உள்ளே வந்தால் தராசு சாய்ந்துவிடும். அதனால்தான் 1820இல் மெய்னை விடுதலை மாநிலமாகச் சேர்த்துச் சமன்செய்தார்கள், அதற்கு மேல் மேற்கே 36 பாகை 30 கலைக் கோட்டுக்கு வடக்கில், மிசௌரி நீங்கலாக, அடிமை முறை கூடாது என்றார்கள். "அப்படிச் சொல்லு, ஓட்டுக் கணக்கா?" என்றார் மாமியார். ஆமாம் அப்பாயி, ஓட்டுக் கணக்குதான். அதற்குப் பிறகு 1850 சமரசம், 1854 கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம், 1857 ட்ரெட் ஸ்காட் தீர்ப்பு எல்லாம் வந்தபோது, இந்தத் தராசு எங்கே சாய்கிறது என்று அவளே பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

பாட்டி இல்லாத வீட்டில் தம்பி தங்கையிடம் சொல்லலாம். கேட்பவருக்கு விஷயம் தெரிந்திருக்கக் கூடாது, 'ஏன்' என்று கேட்கும் துணிச்சல் இருக்க வேண்டும், இவ்வளவுதான் தகுதி. தமிழில் சொல்வதால் ஒரு லாபமும் உண்டு. பாடநூலின் ஆங்கில வாக்கியத்தை அப்படியே ஒப்பிக்க முடியாது, புரிந்திருந்தால்தான் வாயில் வரும்.

சரி, ஆவணங்களுக்கு வருவோம். டி.பி.க்யூ.வில் ஏழு மதிப்பெண். வாதத்துக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று, குறைந்தது நான்கு ஆவணங்களை வாதத்துக்குப் பயன்படுத்தினால் இரண்டு, ஆவணத்தில் இல்லாத வெளிச்சான்று ஒன்றுக்கு ஒன்று, இரண்டு ஆவணங்களையாவது யார், யாருக்கு, எந்தச் சூழலில், எதற்காக எழுதினார் என்று அலசினால் ஒன்று, வாதத்தின் சிக்கலான பக்கங்களைத் தொட்டால் ஒன்று. இதில் பிள்ளைகள் கோட்டை விடுவது அலசலில்தான்.

ஓர் உதாரணம். 1830 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் காங்கிரசுக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தி. பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் திட்டம் அரசின் நல்லெண்ணம் என்று அதில் பேசுகிறார். மகள் முதலில் எழுதியது: 'ஜாக்சன் குடியரசுத் தலைவர், எனவே ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறார்.' இதற்கு மதிப்பெண் கிடையாது, எந்த அரசியல்வாதிக்கும் இதை எழுதிவிடலாமே. அந்தத் திட்டத்துக்கான சட்டம் அதே ஆண்டு மே மாதம் பிரதிநிதிகள் சபையில் எத்தனை ஓட்டில் நிறைவேறியது என்று பார்க்கச் சொன்னேன். 102க்கு 97. வெறும் ஐந்து ஓட்டு வித்தியாசம். அப்புறம் அவள் எழுதினாள்: 'சபையில் ஏறக்குறையப் பாதிப் பேர் எதிர்த்த சட்டத்தை அதே சபைக்கு முன்னால் நியாயப்படுத்த வேண்டியிருந்ததால், வெளியேற்றத்தை நிலப்பறிப்பாகக் காட்டாமல் கருணையாகக் காட்டினார். அவர் தேர்ந்த சொற்களே எதிர்ப்பு எவ்வளவு வலுவாக இருந்தது என்பதற்குச் சான்று.' இதற்குக் கிடைக்கும். முதல் வாக்கியம் ஆளைப் பற்றிச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. இரண்டாவது, ஆவணத்தையே வாதத்துக்குள் இழுத்துவருகிறது.

இதைப் பயிற்சி செய்யக் கட்டண வகுப்பு எதுவும் வேண்டாம். காங்கிரஸ் நூலகமும் தேசிய ஆவணக் காப்பகமும் மூல ஆவணங்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கின்றன. ஏ.பி. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு தன் தளத்தில் பழைய கட்டுரைக் கேள்விகளையும், மதிப்பெண் போடும் விதிகளையும், மாணவர் எழுதிய விடைகளையும் அவற்றுக்குக் கிடைத்த மதிப்பெண்ணோடு போடுகிறது. இதைவிடப் பெரிய பொக்கிஷம் இல்லை, ஆனால் பெற்றோரில் பாதிப் பேருக்கு இது இருப்பதே தெரியாது. நாங்கள் மதிப்பெண்ணை மறைத்துவிட்டு, ஆளுக்கொரு பிரதி எடுத்து நாங்களே போட்டுப் பார்ப்போம். பிறகு தேர்வாளர் போட்டதோடு ஒப்பிடுவோம். நான் தாராளம், அவள் கறார். நான்கைந்து விடைகளுக்குப் பிறகு இருவரும் தேர்வாளருக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். தன் கட்டுரையை எழுதும்போதே அதற்கு எத்தனை கிடைக்கும் என்று சொல்லத் தெரிந்ததுதான் அவளுக்குப் பெரிய பலமாக அமைந்தது.

கோடையில் முழுக் கட்டுரை எழுதச் சொல்லி வதைக்காதீர்கள். ஒரு கேள்வியைக் கொடுத்து, வாதத்தை மட்டும் இரண்டு வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள், போதும். 'பல காரணங்கள் இருந்தன' என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எந்தக் காரணம் எதைவிட முக்கியம், ஏன், என்று இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு, அரைமணி நேரக் கார்ப் பயணத்தில் பாதிப் பாடத்திட்டத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம். டர்ஹமில் ஸ்டாக்வில் தோட்டம் இருக்கிறது. 1860இல் அதன் உரிமையாளர் குடும்பத்திடம் சுமார் 30,000 ஏக்கரும் ஏறத்தாழ 900 அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்களும் இருந்தார்கள். அந்த மனிதர்கள் வாழ்ந்த மரவீடுகள் இன்றும் நிற்கின்றன. புகைபோக்கிச் செங்கல்லில், ஈரமண்ணாக இருந்தபோது பதிந்த விரல் தடங்கள் தெரியும். அதே ஊரில் பென்னட் பிளேஸ் என்ற பழைய பண்ணைவீடு. அப்போமாட்டாக்ஸில் தெற்கின் தளபதி லீ சரணடைந்ததோடு உள்நாட்டுப் போர் முடிந்தது என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். அது 1865 ஏப்ரல் 9. அதைவிடப் பெரிய சரணடைதல் இங்கேதான் ஏப்ரல் 26இல் நடந்தது. வடக்கின் தளபதி ஷெர்மனிடம் தெற்கின் தளபதி ஜான்ஸ்டன் கிட்டத்தட்ட 90,000 வீரர்களை ஒப்படைத்தார். இரண்டு தேதிக்கும் நடுவில் லிங்கன் சுடப்பட்டிருந்தார் என்பதை நினைத்துக்கொண்டு அந்தச் சின்ன வீட்டைப் பார்க்க வேண்டும்.

கிரீன்ஸ்பரோ இன்னும் கொஞ்சம் தூரம். 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேசையில் உட்கார்ந்து எழ மறுத்த உல்வொர்த் கடை இப்போது குடிமை உரிமை அருங்காட்சியகம். அதே ஏப்ரலில் ராலேயின் ஷா பல்கலைக்கழகத்தில் எல்லா பேக்கர் என்ற குடிமை உரிமைப் போராளி மாணவர்களைக் கூட்டினார். எஸ்.என்.சி.சி. என்ற மாணவர் அமைப்பு அங்கே பிறந்தது. கட்டுரையில் வெளிச்சான்று வேண்டும் என்று சொன்னேனே, எல்லாரும் கிங், ரோசா பார்க்ஸ் என்று எழுதும்போது ஷா பல்கலைக்கழகத்தை எழுதும் பிள்ளைக்குக் கைவசம் ஒரு வலுவான சான்று இருக்கிறது. நேரில் பார்த்தது மறக்கவும் மறக்காது. வேறு மாநிலத்தில் இருந்தால் உங்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள், ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும்.

இந்தியாவோடு தொட்டுக்கொள்ளும் இடங்களும் உதவும். பாஸ்டன் துறைமுகத்தில் 1773 டிசம்பரில் கடலில் கொட்டிய 342 பெட்டித் தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. விற்காமல் தேங்கிய தேயிலையும் கடனுமாகத் தத்தளித்த கம்பெனியைக் காப்பாற்றத்தான் அந்தத் தேயிலைச் சட்டமே வந்தது. 1781இல் யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ் 1786இல் நம்மை ஆள வந்தார், திப்புவின் இரண்டு மகன்களைப் பிணையாக வாங்கிச் சென்றவரும் அவர்தான். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் சிலையாக நிற்கிறார். "தோத்துப் போனவருக்கு ப்ரமோஷனா?" என்றாள் மகள். அந்தக் கேள்வியிலேயே பிரிட்டிஷ் பேரரசின் கவனம் எங்கே திரும்பியது என்ற விடையும் இருக்கிறது.

குடியேற்றச் சட்டங்களை இன்னும் நிதானமாகப் படித்தோம். நீள்கட்டுரையில் 'எது மாறியது, எது தொடர்ந்தது' என்ற வகைக் கேள்விக்கு இது நல்ல பயிற்சி. 1882இல் சீனர்களுக்குத் தடை. 1917இல் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதிக்குத் தடை. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்த பகத் சிங் திந்த் குடியுரிமை கேட்டபோது, அவர் வெள்ளையர் அல்லர் என்று 1923இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. 1924இல் நாடுவாரி ஒதுக்கீடு. 1946இல் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர். 1965இல் நாடுவாரி ஒதுக்கீடே ஒழிந்தது. நம் குடும்பங்கள் இங்கே இருப்பதற்குக் கதவு திறந்த சட்டம் அது. குடிமை உரிமைச் சட்டம் 1964, வாக்குரிமைச் சட்டம் 1965, அவற்றோடு சேர்ந்து வந்தது. கறுப்பின மக்களின் போராட்டத்துக்கும் நம் கிரீன் கார்டுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு பதினாறு வயதுப் பெண் அப்பாவுக்கு விளக்குவதைக் கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவர் காப்பியை ஆறவிட்டுக் கேட்டார்.

பள்ளி திறந்த பிறகு சொல்வதற்கு அதிகம் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை நேரம் வைத்துக் குறுவிடை எழுதட்டும். நவம்பருக்குள் தேர்வுக்குப் பதிவு செய்துவிட வேண்டும். வட கரோலினாவில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கட்டணத்தை மாநிலமே கட்டிவிடுகிறது. 2025 முதல் முழுத் தேர்வும் மடிக்கணினியில், புளூபுக் என்ற செயலியில். அதில் ஏழு ஆவணங்களைத் திரையில் வாசித்துக்கொண்டே தட்டச்சு செய்வது தனிப் பழக்கம், முன்னோட்டத் தேர்வை இரண்டொரு முறையாவது செய்து பார்க்க வேண்டும். குறிப்பெழுத வெற்றுத்தாள் கொடுப்பார்கள். மகள் ஆவணங்களை வாதத்தின் எந்தத் தரப்புக்கு எந்த ஆவணம் என்று அதில் இரண்டு பத்தியாகப் பிரித்துக்கொண்டுதான் எழுதத் தொடங்குவாள். கொள்குறியில் தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஒன்றையும் காலியாக விடக் கூடாது.

ஒன்றில் மட்டும் பெற்றோரிடம் சண்டை போடுவேன். ஏபுஷ், கால்குலஸ், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் என்று ஐந்து ஏ.பி.யை ஒரே ஆண்டில் ஏற்றிவிட்டு, வரலாற்றை ஞாயிறு இரவில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்கை ஒரே மூச்சில் உட்கார்ந்து பிடித்துவிடும் பிள்ளை இருக்கலாம். வாசிப்பை அப்படிப் பிடிக்க முடியாது, தினமும் ஒரு மணி நேரம் கேட்கும். அந்த நேரம் அட்டவணையில் இல்லையென்றால் ஏ.பி. அல்லாத சாதாரண ஹானர்ஸ் வகுப்பே மேல்.

மகளுக்கு எவ்வளவு வந்தது என்று கடைசியில் எல்லாரும் கேட்பார்கள். ஐந்துக்கு நான்கு. இங்கே மாநில அரசின் யு.என்.சி. பல்கலைக்கழகங்களில் மூன்று வந்தாலே கல்லூரி கிரெடிட் தருகிறார்கள். ஐந்துக்காக மறுபடி எழுதச் சொல்லலாமே என்றார் ஒரு நண்பர். அவள் அதற்குள் பன்னிரண்டாம் வகுப்பில் ஏ.பி. அரசாங்கப் பாடத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அரசியல் சாசனத்தைத் தன் அப்பாயிக்கு வாட்ஸாப்பில் விளக்கிக்கொண்டிருந்தாள்.